வாடகை 11,000, இஎம்ஐ 24,618

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ரெண்டு வாரத்துக்கு முன்னாடி உங்க வீடு-மனை பக்கத்துல, வாடகைக்கு விடறதுக்காக முதல் தடவையா வீடு வாங்கறவங்களுக்குன்னு ஒரு கட்டுரை வந்திருந்துச்சு. முன்பணம் மட்டும் கையில இருந்தா போதும், மிச்சத்தை பாங்க் குடுக்கும், வர்ற வாடகையே இஎம்ஐயை கட்டிடும்ங்கற மாதிரி எழுதியிருந்தாங்க. அந்தப் பக்கத்தை கத்தரிச்சு எடுத்துக்கிட்டு போன ஞாயித்துக்கிழமை எங்க அக்கா பையன் வீட்டுக்கு வந்தான், 27 வயசு, சென்னை சோழிங்கநல்லூர்ல ஐடி வேலை. "சித்தி, நீங்கதான் ஏற்கனவே ஒண்ணு வாங்கி வாடகைக்கு விட்டிருக்கீங்களே, நானும் பெரும்பாக்கத்துல ஒரு பிளாட் பாத்திருக்கேன், புதன்கிழமை அட்வான்ஸ் குடுக்கணும்"னு சொன்னான். உக்காருடான்னு சொல்லிட்டு பீரோவுல இருந்து எங்க வீட்டு ஃபைலை எடுத்து அவன் முன்னாடி பிரிச்சு வச்சேன். அன்னிக்கு அவன்கிட்ட காமிச்ச கணக்கைத்தான் இந்த கடிதத்துல எழுதறேன், அவன் மாதிரி இன்னும் எத்தனையோ புள்ளைங்க அந்தக் கட்டுரையை படிச்சிருப்பாங்க, அவங்களுக்கும் போய் சேரணும்.

நான் கிண்டியில ஒரு கம்பெனியில அக்கவுண்ட்ஸ் பாக்கறேன். 2021 ஆகஸ்ட்ல ஊரப்பாக்கத்துல 850 சதுர அடி, ரெண்டு பெட்ரூம் செகண்ட் ஹேண்ட் பிளாட் ஒண்ணை 40 லட்சத்துக்கு வாங்கினோம். குடியிருக்க எங்களுக்கு வீடு இருக்கு, இது வாடகைக்கு விடத்தான், பொண்ணு படிப்புக்கு பின்னாடி உதவும்னு. அப்போ வட்டி ரொம்ப குறைச்சல், ரெப்போ, அதாவது மத்த பாங்க்குகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் குடுக்கற வட்டி, 4 சதவீதத்துல இருந்துச்சு, எங்களுக்கு 6.9 சதவீதத்துல லோன் கிடைச்சது. 32 லட்சம், 20 வருஷம், இஎம்ஐ 24,618 ரூபாய். 15,000 ரூபாய் வாடகை அசால்ட்டா வரும்னு புரோக்கர் சொன்னாரு. நாங்களும் அந்த ஏரியாவுல ஒரு நாலு வீட்டுல விசாரிக்காம அதை அப்படியே எடுத்துக்கிட்டோம்.

முதல்ல முன்பணம் விஷயம், ஏன்னா 20 சதவீதம் போட்டா போதும்னு எல்லாரும் சொல்றாங்க, அது பாதி உண்மைதான். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரைக்குமான லோன்னா வீட்டு விலையில 90 சதவீதம் வரைக்கும் தரலாம், 30ல இருந்து 75 லட்சம் வரைக்கும் 80 சதவீதம், அதுக்கு மேல போனா 75 சதவீதம். ஆனா பத்திரச் செலவு அந்த விலைக்குள்ள வராது, அது முழுக்க நம்ம கைக்காசு. நாங்க வாங்கும்போது முத்திரைத்தீர்வை 7, பதிவுக்கட்டணம் 4, ஆக மொத்தம் 11 சதவீதம், 4 லட்சத்து 40 ஆயிரம். 2023ல பதிவுக்கட்டணத்தை 2 சதவீதமா குறைச்சாங்க, இப்போ 9 ஆகுது, அதோட பதிவுக்காக அரசாங்கம் வைக்கற வழிகாட்டி மதிப்பையும் ஏத்திட்டாங்க, அதனால பெருசா மிச்சம் ஆனதா தெரியல. இதுக்கு மேல புரோக்கர் கமிஷன், வக்கீல், பாங்க் ப்ராசசிங் ஃபீஸ், பத்திரத்தை பாங்க்ல அடமானம் வைக்கறதுக்கு தனியா ஒரு பதிவு, அப்புறம் வெள்ளையடிச்சு குழாய் எல்லாம் மாத்தினது. 8 லட்சம் எடுத்து வச்சா போதும்னு நினைச்ச இடத்துல 14 லட்சம் போச்சு. எஃப்டி உடைச்சது 6, ஏலச்சீட்டு எடுத்தது 5, மிச்சம் 3 லட்சத்துக்கு என் நகையைத்தான் அடகு வச்சோம். அந்த நகைக்கடனுக்கும் மாசாமாசம் வட்டி இருக்கே, அதை நாங்க எந்தக் கணக்குலயும் எழுதவே இல்ல.

வீடு ரெண்டரை மாசம் காலியா கிடந்துச்சு. அப்புறம் மறைமலைநகர்ல வேலை பாக்கற ஒரு தம்பி குடும்பத்தோட வந்தாரு, நல்ல மனுஷங்க, வாடகை 11,000. அசோசியேஷன் மெயின்டனன்ஸ் 2,000 நான் கட்டறது, ஆக என் கைக்கு 9,000 ரூபாய். இஎம்ஐ 24,618. மிச்சம் 15,618 ரூபாய் என் சம்பளத்துல இருந்து போகணும், ஒரு மாசம் ரெண்டு மாசம் இல்ல, வருஷக்கணக்கா.

அடுத்த மழைக்காலத்துல அவர் போன் பண்ணி "அக்கா, பெட்ரூம் செவுரு ஊறுது, ஒரு தடவை வந்து பாருங்க"ன்னாரு. போய் பாத்தா பீரோவுக்கு பின்னாடி ஆள் உயரத்துக்கு ஈரம் ஏறி பெயிண்ட் கொப்புளமா நிக்குது, விரலை வச்சா மாவு மாதிரி உதிருது. அவரோட சின்னப் புள்ளைக்கு வேற மூச்சிரைப்பு, அந்தம்மா ஒரு வார்த்தை குறை சொல்லல, கட்டிலை மட்டும் ஹாலுக்கு தள்ளிப் போட்டிருந்தாங்க, அதைப் பாத்தப்போதான் எனக்கு ரொம்ப கஷ்டமாயிடுச்சு. மேல் வீட்டு பாத்ரூம் லீக். மேல் வீட்டுக்காரர் பாதி தர்றேன்னு சொல்லி அப்புறம் தரல, டைல்ஸை உடைச்சு பைப் மாத்தி மறுபடி பூசி எல்லாம் சேர்த்து 46,000 ரூபாய். நாலு மாச வாடகைக்கு மேல. வாடகைக்கு வீடு விடறதுன்னா இதுவும் சேர்த்துதான், குடியிருக்கவங்க குடுக்கற காசுக்கு ஈரமில்லாத செவுரு குடுக்க வேண்டியது நம்ம பொறுப்பு. ஆனா உங்க கட்டுரையில ரிப்பேர்ங்கற வார்த்தையே இல்ல.

இதை விட பெரிய அடி வட்டியில வந்துச்சு. 2022 மே மாசத்துல இருந்து ரெப்போ ஏற ஆரம்பிச்சு 2023 பிப்ரவரில 4ல இருந்து 6.5க்கு வந்து நின்னுச்சு. எங்க லோன் ரெப்போவோட சேர்ந்து ஏறி இறங்கற லோன், அதனால 6.9 இருந்தது 9.4 ஆயிடுச்சு. பாங்க்ல இஎம்ஐயை ஏத்தல, அதே 24,618 தான் பிடிச்சாங்க, நாங்களும் ஒண்ணும் ஆகலன்னு நினைச்சிட்டோம். மார்ச் மாசம் வருமான வரிக்காக ஸ்டேட்மெண்ட் எடுத்து பாத்தேன். கட்டினது 24,618. வட்டிக்கு போனது 24,400 சொச்சம். அசலுக்கு போனது சுமாரா 200 ரூபாய். அந்த வரியை ரெண்டு மூணு தடவை விரலை வச்சு படிச்சேன். இப்படியே கட்டிக்கிட்டு போனா லோன் முடிய இன்னும் 50 வருஷத்துக்கு மேல ஆகும், கால்குலேட்டர்ல நானே போட்டு பாத்தேன், அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல.

பாங்குக்கு லீவு போட்டு போனேன். முதல்ல ஒரு பையன் "தவணைக்காலம் தானா கூடிக்கும் மேடம், நீங்க கவலைப்படாதீங்க"ன்னாரு. பழைய காலத்துக்குள்ளயே முடியணும்னா எவ்ளோ கட்டணும்னு கேட்டு எழுதி வாங்கினேன், 29,700 கிட்ட வந்துச்சு. மாசம் 5,000 கூட. அதுக்கு ஒத்துக்கிட்டுதான் வந்தேன், வேற வழி இல்ல. அந்த வருஷம் ஆகஸ்ட்ல ரிசர்வ் வங்கி ஒரு உத்தரவு போட்டுச்சு, வட்டி மாறும்போது இஎம்ஐயை கூட்டறதா, வருஷத்தை கூட்டறதா, இல்ல ரெண்டும் கொஞ்சம் கொஞ்சமாவான்னு பாங்க் நம்மகிட்ட கேக்கணும், அது நம்ம உரிமை. லோன் இருக்கற எத்தனை பேருக்கு இது தெரியும்? அதே மாதிரி ஏறி இறங்கற வட்டியில இருக்கற வீட்டுக்கடனை முன்கூட்டி அடைச்சா அபராதம் கிடையாது, 10,000 இருந்தாக்கூட அசல்ல போடலாம், நான் தீபாவளி போனஸை அப்படித்தான் போட்டுக்கிட்டு வர்றேன். 2025ல பிப்ரவரி, ஏப்ரல், ஜூன்னு மூணு தடவையா ரெப்போ 1 சதவீதம் இறங்கினப்போ இஎம்ஐயை குறைக்க வேணாம், வருஷத்தை குறைச்சுக்கங்கன்னு எழுதிக் குடுத்துட்டேன்.

வருமான வரி பத்தியும் கட்டுரையில ஒரே வரி, "வட்டிக்கு வரிச்சலுகை உண்டு"ன்னு. பழைய வரி முறையா, புதிய வரி முறையா, எதுலன்னு சொல்லணுமா இல்லையா? வாடகைக்கு விட்ட வீடுன்னா வர்ற வாடகையில கட்டின வீட்டு வரியை கழிச்சுட்டு அதுல 30 சதவீதம் தள்ளுபடி, அப்புறம் லோன் வட்டியை கழிக்கலாம். இப்படி கழிச்சா எங்க மாதிரி ஆளுங்களுக்கு நஷ்டம்தான் வரும். பழைய முறையில அந்த நஷ்டத்துல வருஷத்துக்கு 2 லட்சம் வரைக்கும் சம்பளத்துல கழிச்சுக்கலாம், மிச்சத்தை 8 வருஷம் வரைக்கும் பின்னால வர்ற வீட்டு வாடகை வருமானத்துல கழிக்கலாம். புதிய முறையில சம்பளத்துல ஒரு ரூபாய் கழிக்க முடியாது. 2023-24ல இருந்து நாமளா கேக்காட்டி புதிய முறைதான். அக்கா பையன் புதிய முறையில இருக்கான், அது அவனுக்கே தெரியல, அவன் வரி மிச்சம்னு 80,000 எழுதிக்கிட்டு வந்திருந்தான். அதை அடிக்கச் சொன்னேன்.

சரி, அவன் கணக்குக்கு வர்றேன். பெரும்பாக்கத்துல கட்டிக்கிட்டு இருக்கற பிளாட், 60 லட்சம். லோன் 48 லட்சம். 8.5 சதவீதம், 20 வருஷம்னா இஎம்ஐ 41,655, அதுல முதல் மாசம் வட்டி மட்டும் 34,000. கைக்காசு 12 லட்சம் போடணும், கட்டி முடிக்காத வீடுங்கறதால 5 சதவீதம் ஜிஎஸ்டி 3 லட்சம், பத்திரச் செலவு இந்த மாதிரி புது பிளாட்டுக்கு 9 இல்ல, 7 சதவீதம், அது 4 லட்சத்து 20 ஆயிரம். ஃபேன், லைட், கப்போர்டு எதுவும் இல்லாமலே 19 லட்சத்து 20 ஆயிரம். அவன்கிட்ட இருந்தது 8. மிச்சத்துக்கு பர்சனல் லோன் போட்டுக்கலாம்னு சொன்னான். 11 லட்சம், 5 வருஷம், 12 சதவீதம்னு வச்சாலே மாசம் 24,000க்கு மேல. அவன் கைக்கு வர்ற சம்பளம் 85,000, அதுல ரூம் வாடகை 15,000. வீடு கட்டி முடிக்கற வரைக்கும் இந்தப் பக்கம் வாடகை வராது, அந்தப் பக்கம் பாங்க் குடுத்த அளவுக்கு வட்டி ஓடும். நோட்டுல இதெல்லாம் ஒண்ணுக்கு கீழ ஒண்ணா அவன் கையாலயே எழுத வச்சேன். வாடகை எவ்ளோ வரும்னு கேட்டேன். 25,000னு பில்டர் ஆபீஸ்ல சொன்னாங்களாம். சும்மா 18,000னு எழுதுடான்னேன். எழுதிட்டு ரொம்ப நேரம் பேசாம இருந்தான், எங்க அக்கா போட்டுக் குடுத்த காபி ஆறிப்போச்சு.

இவ்ளோ சொல்றதால வாடகைக்கு வீடு வாங்கவே கூடாதுன்னு நான் சொல்லல. எங்க நாத்தனார் குரோம்பேட்டையில இருக்காங்க, அவங்க மாமனார் கட்டின கீழ்வீடு. 2018ல மேல ஒரு மாடி எழுப்பி ரெண்டு போர்ஷனா தடுத்தாங்க, மொத்தம் 15 லட்சம் ஆச்சு, 12 லட்சம் லோன், 15 வருஷம், இஎம்ஐ 12,000 கிட்ட. ரெண்டு போர்ஷனும் சேர்ந்து வாடகை 15,000. வாடகையே இஎம்ஐயை கட்டினதுன்னா எங்க குடும்பத்துல அவங்க ஒருத்தருக்குத்தான். காரணம் ரொம்ப சிம்பிள், அவங்க மனைக்கு காசு குடுக்கல. பிளாட் வாங்கும்போது நாம குடுக்கற விலையில ஒரு நல்ல பங்கு மண்ணுக்கு போகுது, ஆனா வாடகைக்கு வர்றவங்க மண்ணுக்கு காசு குடுக்க மாட்டாங்க, பக்கத்துல என்ன வேலை இருக்கு, அந்த வேலையில என்ன சம்பளம், பஸ் இருக்கா, தண்ணி வருதான்னு பாத்துதான் குடுப்பாங்க. நம்ம ஊர்ல அந்தக் காலத்துல இருந்தே கீழ இருந்துக்கிட்டு மாடியை வாடகைக்கு விடறது ஏன் வழக்கமா இருக்குன்னு இப்போதான் எனக்கு புரியுது. அப்பா கட்டின வீடு இருக்கற புள்ளைங்க முதல்ல ஒரு இன்ஜினியரை கூட்டிட்டு வந்து அஸ்திவாரம் மாடியை தாங்குமான்னு கேளுங்க, அனுமதி வாங்கி கட்டுங்க. அதுக்கப்புறம் பெரும்பாக்கம் போகலாம்.

குடிவைக்கறதுலயும் ஒண்ணு சொல்லணும். 2019 பிப்ரவரில இருந்து தமிழ்நாட்டுல புது வாடகைச் சட்டம் நடைமுறையில இருக்கு, எழுத்துல ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரிகிட்ட பதியணும், ரெண்டு பேரும் வேற மாதிரி ஒத்துக்கிட்டா ஒழிய அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல போகக்கூடாது. சென்னையில இன்னும் ஆறு மாசம், பத்து மாசம்னு கேக்கறாங்க, அந்தக் காசை வாங்கி முன்பணத்துல பட்ட கடனை அடைக்கறாங்க, அப்புறம் குடியிருக்கறவங்க காலி பண்ணும்போது திருப்பிக் குடுக்க காசு இல்லாம சண்டை. அட்வான்ஸ் நம்ம காசு இல்ல. நாங்க வாங்கின 33,000த்தை தனி எஃப்டியா போட்டு வச்சிருந்தோம், அந்த தம்பி காலி பண்ணின அன்னிக்கு சாயங்காலமே முழுசா குடுத்தோம், செவுரு ஊறினதுக்கு அவர் பொறுத்துக்கிட்டதுக்கு அதுகூட செய்யலன்னா எப்படி.

பத்திர விஷயம் உங்க பக்கத்துலயே அடிக்கடி வருது, அதனால நீட்டல. 30 வருஷ வில்லங்கம், தாய்ப்பத்திரம், பட்டா, பிளான் அப்ரூவல், யுடிஎஸ், அதாவது மனையில நம்ம பங்கு, எத்தனை சதுர அடின்னு பத்திரத்துல எழுதியிருக்கா, புது பிளாட்னா ரியல் எஸ்டேட் ஆணையத்துல பதிஞ்ச ரெரா நம்பர். விலை 50 லட்சம் தொட்டா வாங்கறவங்க, விக்கறவங்களுக்கு குடுக்கற காசுல 1 சதவீதத்தை டிடிஎஸ்ங்கற வரியா பிடிச்சு அரசாங்கத்துக்கு கட்டணும்ங்கறது நிறைய பேருக்கு நோட்டீஸ் வந்த பின்னாடிதான் தெரியுது, அக்கா பையன் விஷயத்துல அது 60,000 ரூபாய்.

எங்க ஊரப்பாக்கம் வீடு இப்போ பரவால்ல. 2023 டிசம்பர் கடைசியில பக்கத்துல கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டு திறந்த பின்னாடி வாடகை ஏறி இப்போ 14,000 வருது. ஆனா அந்த பஸ் ஸ்டாண்டு வரப்போகுதுன்னு சொல்லித்தான் 2021லயே எங்ககிட்ட விலையை ஏத்தி வாங்கினாங்க, வாடகை ஏறினது ரெண்டரை வருஷம் கழிச்சு. அந்த ரெண்டரை வருஷத்தையும் என் சம்பளம்தான் தாங்குச்சு, என் வீட்டுக்காரர் கடையில வியாபாரம் படுத்திருந்தா நாங்க அப்போவே வீட்டை வித்திருப்போம், அதுவும் நஷ்டத்துக்கு.

ஆசிரியர் அவர்களே, உங்ககிட்ட நான் கேக்கறது ஒண்ணுதான். வீடு-மனை பக்கத்துல ஒவ்வொரு ஏரியாவுக்கும் சதுர அடி விலை போடறீங்க இல்ல, அது பக்கத்துலயே அந்த ஏரியாவுல ரெண்டு பெட்ரூம் வீட்டுக்கு இப்போ என்ன வாடகை ஓடுதுன்னும், அந்த விலைக்கு 80 சதவீதம் லோன் போட்டா இஎம்ஐ எவ்ளோன்னும் சேர்த்து போடுங்க. ரெண்டு நம்பரும் பக்கத்து பக்கத்துல இருந்தா போதும், புள்ளைங்க தானே கணக்கு போட்டுக்குவாங்க.

அக்கா பையன் புதன்கிழமை அட்வான்ஸ் குடுக்கல. அதுக்கு பதிலா அந்த பில்டர் பக்கத்துலயே முன்னாடி கட்டி முடிச்ச பிளாக்குக்கு போய் வாட்ச்மேன்கிட்டயும் ரெண்டு குடித்தனக்காரங்ககிட்டயும் வாடகை கேட்டிருக்கான், 16,000ல இருந்து 17,000 தானாம், மெயின்டனன்ஸ் 3,000 ஓனர் கட்டறது. இஎம்ஐயில 17,000 கழிச்சு 3,000 கூட்டினா மாசம் 27,655 ரூபாய் அவன் கையில இருந்து போகணும். அந்தக் காசை மாசாமாசம் 27,000னு ஒரு ஆர்டியில, அதான் மாசத் தவணையா கட்டற சேமிப்புல, கட்டிப் பாக்கறேன் சித்தி, ஒரு வருஷம் பல்லைக் கடிச்சு கட்ட முடிஞ்சா அப்புறம் வீடு பாக்கலாம், அதுக்குள்ள முன்பணமும் கொஞ்சம் சேரும்னு சொன்னான். நேத்துதான் முதல் தவணை கட்டின ஸ்லிப்பை போட்டோ எடுத்து எனக்கு அனுப்பியிருந்தான்.

இப்படிக்கு,
கூடுவாஞ்சேரியில இருந்து உங்க வாசகி